எட்டாத இடத்து வைத்தியம்: டர்பனில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனில் ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடக்கும். நான் அங்கே எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறவள். ஆனால் வகுப்பு முடிந்து டீ குடிக்கிற நேரத்தில் எழுத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒருவர் சட்டைக் கையை மடித்து பிரஷர் பார்க்கச் சொல்வார். இன்னொருவர் மகளின் மெடிக்கல் அட்மிஷன் பற்றிக் கேட்பார். மூன்றாமவர், "டாக்டரம்மா, நீங்க ஏன் அந்த மலைக்காட்டுப் பக்கம் போய்க் கஷ்டப்படறீங்க?" என்பார். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதிவைத்துவிட்டால் டீயாவது சூடாகக் குடிக்கலாம் என்று தோன்றியது.

நீங்கள் டாக்டரா, டீச்சரா, ஆராய்ச்சி செய்கிறவரா?

மூன்றும்தான். வாரத்தில் இரண்டு நாள் நோயாளிகள், இரண்டு நாள் மாணவர்கள், மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி. மிச்சம் இருப்பதில்லை என்பதால் அது ராத்திரி வேலை. என் துறைக்குக் குடும்ப மருத்துவம் என்று பெயர். 2007-ல் தென்னாப்பிரிக்கா இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஒப்புக்கொண்டது. என் மாமியார் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "மருமக எதுல ஸ்பெஷலிஸ்ட்?" என்று யாராவது கேட்டால், "எல்லாத்துக்கும் பார்ப்பா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்.

"வைத்தியம் எட்டாத மக்கள்" என்கிறீர்களே, ஏழைகளைத்தானே சொல்கிறீர்கள்?

பெரும்பாலும் ஏழைகள்தான், ஆனால் ஏழ்மை மட்டும் இல்லை. காது கேளாத ஒரு தாய் பிரசவ வார்டுக்கு வருகிறாள். கையில் பணம் இருக்கிறது, கணவன் வாசலில் நிற்கிறான். உள்ளே அவளோடு பேச ஒருவரும் இல்லை. தென்னாப்பிரிக்கச் சைகை மொழி 2023-ல் இந்த நாட்டின் பன்னிரண்டாவது ஆட்சிமொழி ஆனது. அந்த வார்டுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. காங்கோவிலிருந்து வந்து காகிதம் இல்லாமல் டர்பன் நடுவூரில் தலைமுடி வெட்டிப் பிழைக்கிறவர், கரும்புத் தோட்டத்தில் சீசனுக்கு மட்டும் வெட்டுக்கு வருகிறவர், சிறையில் இருக்கிறவர், பேரப்பிள்ளைகள் ஐந்து பேரை வைத்துக்கொண்டு வீட்டை விட்டு நகர முடியாத கிழவி, எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள்.

இங்கே நூற்றில் பதினைந்து பதினாறு பேருக்குத்தான் மெடிக்கல் எய்ட், அதாவது தனியார் மருத்துவக் காப்பீடு, இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் அரசு கிளினிக்கும் அரசு ஆஸ்பத்திரியும்தான். டாக்டர்களோ பெரும்பகுதி அந்தப் பதினைந்து பேர் பக்கம் இருக்கிறார்கள். ஜூலியன் டூடர் ஹார்ட் என்ற வேல்ஸ் நாட்டு டாக்டர் ஒரு சுரங்கத் தொழிலாளர் ஊரில் வைத்தியம் பார்த்துக்கொண்டே 1971-ல் எழுதினார்: வைத்தியம் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே அது குறைவாகக் கிடைக்கும், சந்தைக்கு விட்டால் இன்னும் குறையும். தலைகீழ்ப் பராமரிப்பு விதி என்று அதற்குப் பெயர் வைத்தார். அவர் சுரங்க ஊரைப் பார்த்து எழுதியது. டர்பன் ஓரத்து உம்லாசியிலும் சாட்ஸ்வொர்த்திலும் பார்த்து எழுதியிருந்தாலும் ஒரு வார்த்தை மாற்ற வேண்டியிருந்திருக்காது.

மாணவர்களுக்கு முதலில் என்ன சொல்லிக்கொடுப்பீர்கள்?

ஒரு கேள்வி. "உஃபிக்கே கஞ்சானி?" இந்தப் பகுதி மக்களின் ஜூலு மொழியில் "எப்படி வந்தீர்கள்?" என்று பொருள். உடம்புக்கு என்ன என்று கேட்பதற்கு முன் இதைக் கேட்கச் சொல்வேன். எனக்கே இது தாமதமாகத்தான் புரிந்தது.

நான் பாளையங்கோட்டையில் படித்துவிட்டுக் கல்யாணமாகி இங்கே வந்தவள். வந்த புதிதில் ஒரு பாட்டி சுகருக்கு என்னிடம் வருவார். ஜூலுவில் பாட்டியைக் கோகோ என்பார்கள். ஒரு மாதம் வருவார், மறுமாதம் வர மாட்டார். வரும்போதெல்லாம் ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடக்கும். ஃபைலில் "டிஃபால்டர்" என்று எழுதினேன். சிகிச்சையைப் பாதியில் விடுகிறவர் என்று அர்த்தம். எழுதி அடிக்கோடு வேறு போட்டேன். அந்த அடிக்கோட்டை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஒரு நாள் அந்தப் பகுதி நோம்பிலோவோடு அவர் வீட்டுக்குப் போனேன். வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் சமூக சுகாதாரப் பணியாளரை இங்கே நோம்பிலோ என்று அழைப்பார்கள். ந்துவெத்வே மலைப் பக்கம், டர்பனுக்கு வடக்கே. தார்ச்சாலை முடிந்த இடத்தில் காரை விட்டுவிட்டு நடந்தோம். வீட்டில் கரண்ட் இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை. கோகோ எங்களைக் குடிசையின் நிழற்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார்: ஒரு பெரிய பானை, அதற்குள் ஈர மணல், மணலுக்குள் இன்னொரு சின்ன பானை, அதற்குள் துணியில் சுற்றிய, நான் கொடுத்த இன்சுலின் குப்பி. மேலே ஈரச்சாக்கு. கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பாராம். தண்ணீர் கீழே ஓடையிலிருந்து வர வேண்டும். நான் சொன்ன "குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்" என்ற ஒரு வரிக்காக அந்த அம்மாள் இவ்வளவு செய்திருந்தார்.

ஏன் மாதாமாதம் வருவதில்லை? கிளினிக்குக்கு இரண்டு டாக்ஸி (இங்கே ஷேர் வேனுக்கு அப்படிப் பெயர்) மாற வேண்டும், போக நான்கு பேருக்கு ரொட்டி வாங்குகிற காசு ஆகும். வராத மாதம் மருந்தைப் பாதிப் பாதியாகப் போட்டு நீட்டிக்கொண்டிருந்தார். 1994-ல் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், 1996-ல் கிளினிக் அளவிலான வைத்தியத்தை எல்லோருக்கும் அரசு இலவசமாக்கியது. பெரிய காரியம்தான். ஆனால் டாக்ஸி இலவசம் இல்லை. நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: இரண்டு மாத மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது. பிரித்த குப்பி வெயில்படாமல் இருந்தால் நான்கு வாரம் தாங்கும், பிரிக்காததை அந்தப் பானை பார்த்துக்கொள்ளும். ஃபைலில் அந்த வார்த்தையை அடித்துவிட்டேன். என் மாணவர் யாரும் அதை எழுதக் கூடாது. எழுதுவதானால் பக்கத்திலேயே டாக்ஸிக் கூலி எவ்வளவு என்றும் எழுத வேண்டும்.

வீடு வீடாகப் போவது, ஊர்க்கணக்கு எடுப்பது எல்லாம் வெளிநாட்டு யோசனைதானே?

இல்லவே இல்லை. நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் பிறந்து வெளிநாட்டுக்குப் போனது. 1940-ல் புல்வருக்குப் பக்கத்தில் ஃபொலேலா என்ற இடத்தில் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற டாக்டர் தம்பதி ஒரு சுகாதார மையம் தொடங்கினார்கள். கூடவே எட்வர்ட் ஜாலி, அமீலியா ஜாலி என்ற இன்னொரு தம்பதி. அவர் மருத்துவ உதவியாளர், அம்மா நர்ஸ். ஜூலு பேசி ஊருக்குள் வழி திறந்தவர்கள் இவர்கள்தான், ஆனால் பேச்சில் எப்போதும் கார்க் பெயர்தான் முன்னால் வரும். அவர்கள் நோயாளி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. வீடு வீடாகப் போய் யார் இருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், தண்ணீர் எங்கே, கழிப்பிடம் எங்கே என்று கணக்கெடுத்தார்கள். குழந்தைகள் சோளக்கூழை மட்டும் குடித்து மெலிந்து கிடந்தன. அதற்கு என்ன மருந்து எழுதுவது? காய்கறித் தோட்டம் போட்டார்கள். விதைக்கும் சந்தைக்கும் ஏற்பாடு செய்தார்கள்.

பிறகு 1944-ல் அரசு அமைத்த குளக்மன் குழு, நாடு முழுக்க இப்படி மையங்கள் வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. நாற்பது போல வந்தன. டர்பனிலேயே லமாண்ட்வில்லில் கறுப்பினக் குடியிருப்பிலும் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்தியர் குடியிருப்பிலும் மையங்கள் இருந்தன. 1948-ல் நிறவெறி அரசு வந்தது. காசை நிறுத்தி நிறுத்தியே கழுத்தை நெரித்தார்கள். கார்க் தம்பதி ஐம்பதுகளின் கடைசியில் நாட்டை விட்டுப் போனார்கள். ஆனால் 1957-ல் இங்கே வந்து பார்த்துப் போன ஜாக் கைகர் என்ற அமெரிக்க மருத்துவ மாணவர், அறுபதுகளில் மிசிசிப்பியில் கறுப்பின விவசாயிகளுக்கு இதே மாதிரி மையம் அமைத்தார். அங்கே இன்று லட்சக்கணக்கான ஏழைகள் போகிற சமூக சுகாதார மையங்களுக்கு வேர் நம் புல்வர் மலையில் இருக்கிறது. இந்தக் கதையை நான் மாணவர்களுக்குக் கொஞ்சம் மெனக்கெட்டே சொல்வேன். நாம் எப்போதும் கடன் வாங்கியவர்கள் என்ற நினைப்பு அவர்களுக்கு இருக்கிறது.

ஜூலு தெரியாமல் இந்த வேலை செய்ய முடியுமா?

மருந்து எழுத முடியும், வைத்தியம் பார்க்க முடியாது. ஒரு மாணவன், நம் தமிழ்ப் பையன், கெட்டிக்காரன். ஒரு அம்மாள் "இன்ஹ்லிசியோ யாமி இபுஹ்லுங்கு" என்றார். "என் இதயம் வலிக்கிறது." பையன் உடனே ஈசிஜி எடுக்க ஓடினான். ஈசிஜி சுத்தமாக இருந்தது. மறுபடி எடுத்தான். வார்டு கூட்டுகிற அக்காதான் துடைப்பத்தைச் சாய்த்துவைத்துவிட்டு வந்து சொன்னாள்: அந்த அம்மாளின் மகன் இறந்து மூன்று வாரம் ஆகிறது. "மனசு ஆறல" என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். வார்த்தைக்கு வார்த்தை தெரிந்தும் பையன் தோற்றுப்போனான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. துடைப்பம் பிடிக்கிற பெண்களை மொழிபெயர்ப்பாளராக்கி, அதற்குச் சம்பளமும் கொடுக்காமல், ஊர் ரகசியத்தை எல்லாம் அவர்கள் காதில் போடுவது நியாயம் இல்லை. ஆனால் தினமும் நடக்கிறது.

ஆராய்ச்சி என்றால் லேப், மைக்ராஸ்கோப்பு இதெல்லாம்தானே?

அதுவும் உண்டு. என் வகை வேறு. இரண்டு உதாரணம் சொல்கிறேன், இரண்டும் நம் மாகாணத்தில் நடந்தவை, நான் செய்தவை அல்ல.

எச்.ஐ.வி உள்ள தாய் பால் கொடுக்கலாமா என்ற கேள்வி தொண்ணூறுகளில் பெரிய பிரச்சினை. பாலில் கிருமி போகும், அதனால் புட்டிப்பால் கொடுங்கள் என்பதே அப்போதைய பேச்சு. புட்டிப்பாலுக்குச் சுத்தத் தண்ணீர், அடுப்பு, மாதாமாதம் காசு எல்லாம் வேண்டுமே? டர்பனில் அன்னா கூட்சூடிஸ், ஹூசன் கூவாடியா ஆகியோரின் குழு 1999-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது: முதல் மூன்று மாதம் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளைவிட, தாய்ப்பாலோடு தண்ணீரும் கூழும் கலந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்குத்தான் தொற்று அதிகம். நம் வீட்டில் பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்போமே, அந்த மாதிரி. இந்த ஆய்வுக்கு உள்ளே இருந்தது ஒரு எளிய அக்கறை: அந்தத் தாய் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள்? பிறகு மருந்துகளும் வந்தன, உலக சுகாதார நிறுவனமும் 2010-ல் வழிகாட்டுதலை மாற்றி, மருந்தோடு தாய்ப்பால் கொடுக்கலாம் என்றது. கூவாடியா 2023-ல் காலமானார். அவர் பாடம் எடுத்த வகுப்பில் உட்காராதது எனக்கு ஒரு குறை.

இன்னொன்று துகேலா ஃபெரி. ம்சிங்காவில் இருக்கிற சின்ன ஊர், அங்கே ஒரு மிஷன் காலத்து ஆஸ்பத்திரி. 2006-ல் அங்கிருந்து வந்த செய்தி உலகத்தையே உலுக்கியது: அநேகமாக எந்த மருந்துக்கும் மசியாத டிபி, 53 பேருக்கு, அதில் 52 பேர் இறந்துபோனார்கள். சளி எடுத்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் பாதிப் பேர் 16 நாள் தாண்டவில்லை. அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள். இருமலோடு எல்லோரையும் ஒரே கூடத்தில், ஜன்னலைச் சாத்தி, மணிக்கணக்கில் உட்கார வைத்திருந்தது இந்த நாடு. வைத்தியம் தேடிப் போன இடத்தில் நோய் பிடித்திருக்கிறது. அதன் பிறகு நான் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் முதல் வேலை ஜன்னலைத் திறப்பது. குளிர் காலத்தில் சிஸ்டர்கள் என்னைத் திட்டுவார்கள்.

ஏழைகளைச் சோதனை எலி ஆக்குகிறீர்கள் என்கிறார்களே?

சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒரு முறை ஒரு கிராமத்தில் நான் கேள்வித்தாளைப் பிரித்ததும் ஒரு பெரியவர் கேட்டார்: "போன தடவை ஒரு குழு வந்து ரத்தம் எடுத்துட்டுப் போச்சு. அந்த ரத்தம் என்ன சொல்லுச்சுன்னு யாரும் வந்து சொல்லலையே?" எந்தக் குழு என்று எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். எனக்குப் பதில் இல்லை, தாளை மடித்து வைத்துவிட்டேன்.

இந்த விஷயத்தில் நமக்கெல்லாம் பாடம் எடுத்தவர்கள் சான் மக்கள். கலஹாரியில் இருக்கிற, எண்ணிக்கையில் மிகச் சிறிய ஆதிகுடி. ஆராய்ச்சியாளர்கள் வந்து வந்து அலுத்துப்போய், 2017-ல் தாங்களே ஒரு ஆய்வு நெறியை எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, முறைப்படி நடத்தல் என்று ஐந்து. வருகிறவர் முதலில் எங்களிடம் கேட்டுவிட்டு வர வேண்டும், கண்டுபிடித்ததை எங்களுக்குப் புரிகிற மாதிரி திரும்பி வந்து சொல்ல வேண்டும். என் மாணவர்கள் ஆய்வு முடிந்ததும் அதே ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று ஜூலுவில் சொன்னால்தான் நான் கையெழுத்துப் போடுவேன். பேராசிரியர்கள் முன்னால் நடுங்காதவர்கள் அங்கே நடுங்குவார்கள்.

சாங்கோமா என்கிற நாட்டு வைத்தியரிடம் போகிறவர்களை என்ன செய்வீர்கள்?

போனாயா என்று சாதாரணமாகக் கேட்பேன், என்ன கொடுத்தார் என்று கேட்பேன். சில வேர்க் கஷாயங்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். திட்டினால் மறைப்பார்கள், மறைத்தால் எனக்குத் தெரியாமல் போகும். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு மறுநாள் ஊசி போட்டுக்கொள்ள வருகிற நாம் இதில் பெரிதாகப் பேச ஒன்றும் இல்லை.

நம் ஆட்களையே பார்க்காமல் ஏன் அங்கே போகிறீர்கள்?

2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்தக் கேள்வியின் குரல் மாறிவிட்டது. இந்தியர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் அப்போது கறுப்பினத்தவர்கள் கொல்லப்பட்டதை எல்லோரும் மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். நேராகவே சொல்கிறேன்.

முதலாவது, நம் ஆட்களையும் பார்க்கிறேன். சாட்ஸ்வொர்த் ஃப்ளாட்டுகளில் மாடியேற முடியாமல், இறங்கவும் முடியாமல், அரசு உதவிப் பணத்தில் வாழ்கிற ஆயாக்கள் இருக்கிறார்கள். கால் விரல் கறுத்த பிறகு கொண்டுவருவார்கள். சுகர் நம் ஜனத்தை வளைத்துப் போட்டிருக்கிறது, ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தின்கிற பன்னி சௌவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "நமக்கெல்லாம் மெடிக்கல் எய்ட் இருக்கு" என்று சொல்கிறவர்கள் இந்த ஆயாக்களை எண்ணுவதில்லை.

இரண்டாவது, 1860 நவம்பர் 16-ல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் தோட்டக் கூலிகளாக வந்து இறங்கியவர்களும், 1911 வரை பின்னால் வந்தவர்களும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல். பெரும்பகுதி தென்னாட்டு ஜனம். தோட்டத்தில் காய்ச்சல் என்று படுத்தால் வேலைக்குக் கள்ளம் என்று பெயர். நம் முன்னோரின் ஃபைலிலும் யாரோ அடிக்கோடு போட்டிருந்தார்கள். அந்த ஜனத்துக்கு நடுவே வளர்ந்தவர்தான் டாக்டர் குணம். 1906-ல் டர்பனில் பிறந்து, எடின்பரோவில் படித்து, 1936-ல் திரும்பி வந்த தமிழ்ப் பெண். 1946 சத்தியாக்கிரகத்தில் சிறைக்கும் போனார். அவரிடம் வந்தவர்களை அவர் இனம் பார்த்துப் பிரிக்கவில்லை. டாக்டர் மாண்டி நாயக்கரும் அப்படித்தான். 1947-ல் தாதூ, ஷூமா என்ற இரண்டு டாக்டர்களோடு சேர்ந்து இந்தியரும் கறுப்பினத்தவரும் ஒன்றாகப் போராட அவர் போட்ட ஒப்பந்தத்துக்கே டாக்டர்கள் ஒப்பந்தம் என்றுதான் பெயர்.

என் மகள் இந்தத் துறைக்கு வர எத்தனை வருஷம் ஆகும்?

மருத்துவப் பட்டம் ஆறு வருஷம். இன்டர்ன்ஷிப் இரண்டு. பிறகு ஒரு வருஷம் கட்டாயச் சமூக சேவை, 1998-லிருந்து டாக்டர்களுக்கு உண்டு. குடும்ப மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி நான்கு வருஷம். அந்தச் சமூக சேவை வருஷத்துக்கு எங்கோ கோடியில் போட்டால் அழுதுகொண்டு மந்திரிக்குக் கடிதம் எழுதாதீர்கள், அப்பா. அந்த ஒரு வருஷத்தில்தான் பலர் டாக்டர் ஆகிறார்கள். பாதுகாப்பான தங்குமிடம் இருக்கிறதா என்று மட்டும் முன்னாலேயே கேட்டு உறுதி செய்யுங்கள்.

சம்பளம் எப்படி?

தனியார் பக்கம் போன என் தோழிகளின் கார் நன்றாக இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து டாக்டர்கள் இங்கே வரலாமா?

நான் வந்தேன், ஆனால் இப்போது முன்னைவிடக் கடினம். மருத்துவக் கவுன்சில் பதிவு, தேர்வு, வேலை அனுமதி மூன்றும் தனித்தனி வாசல்கள். ஒன்று திறந்தால் மற்றதும் திறக்கும் என்று நம்பி அங்கே வேலையை விட்டுவிட்டு வராதீர்கள்.

டாக்டர் இல்லாத நாங்கள் என்ன செய்யலாம்?

நிலையாக இருக்கிற பிரஷர், சுகர், எச்.ஐ.வி நோயாளிகளுக்கு மருந்துப் பொட்டலத்தை வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கடையிலோ மண்டபத்திலோ வாங்கிக்கொள்ளும் திட்டம் இருக்கிறது. கிளினிக்கில் கேட்டால் பதிவு செய்வார்கள். பலருக்கு இது தெரியாமல் இன்னும் விடியற்காலை நான்கு மணிக்குப் போய் வரிசையில் நிற்கிறார்கள். உங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாவிடம் மாதம் எந்த நாள் கிளினிக் என்று கேளுங்கள், அந்த நாள் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். பக்கத்து ஃப்ளாட் ஆயாவுக்குக் காரில் இடம் கொடுங்கள்.

அடுத்த ஞாயிறு வரும்போது வீட்டில் உள்ள பெரியவர்களின் மாத்திரைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்ட பழைய டப்பா, மாமா டெல்லியிலிருந்து வாங்கி வந்தது, சாப்பிடாமல் ஒளித்து வைத்தது எல்லாம் சேர்த்து. கிளினிக் அட்டையும் வேண்டும். மேஜை போட்டு வைக்கிறேன்.